எடுக்க முடியாமல் போன படம் எது?

சென்ற இதழில், கேமராவோடு சேர்த்து வாங்க வேண்டிய துணைப்பொருள்களைப் பற்றிக் கேள்விகள் அனுப்பும்படி கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ‘என்ன வாங்கலாம் அண்ணாச்சி?’ என்ற ஒற்றை வரிதான். பாளையங்கோட்டையில் நான் ஸ்டூடியோ வைத்து முப்பத்தாறு வருடம் ஆகிறது. கடைக்கு வந்து இதே கேள்வியைக் கேட்பவர்களிடம் நான் திருப்பி ஒன்று கேட்பேன்: போன மாதம் எடுக்க நினைத்து, எடுக்க முடியாமல் போன படம் எது? அருவி வெறும் வெள்ளையாக வந்தது என்றால் அதற்கு ஒரு பொருள். நாரை கலங்கி வந்தது என்றால் வேறு பொருள். இந்தப் பதில் இல்லாமல் வாங்கியவை, அட்டைப்பெட்டிகூடப் பிரிக்காமல் பரணில் கிடப்பதைப் பல வீடுகளில் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன். உழைத்துச் சம்பாதித்த காசு அது. ஆகவே, தவறிப்போன படத்தையும் சேர்த்து எழுதியவர்களின் கடிதங்களை இந்த முறை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: அண்ணாச்சி, முதல் கேமரா வாங்கிவிட்டேன். 18-55 லென்ஸ் கூடவே வந்தது. கையில் எட்டாயிரம் ரூபாய் மிச்சம் இருக்கிறது. இருபது பொருள்கள் சேர்ந்த ‘கிட்’ ஒன்று இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது, பட்டியலை இணைத்திருக்கிறேன். வாங்கலாமா? தவறிய படம்: மாலையில் ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தில் வண்டி விளக்குகள் கோடு கோடாக ஓடுவதை எடுக்க ஆசைப்பட்டேன். மொத்தமும் கலங்கிவிட்டது. (கல்லூரி மாணவர், பேட்டை)

பதில்: தம்பி, பட்டியலை இரண்டு முறை படித்தேன். இருபதில் உங்களுக்கு உதவக்கூடியவை மூன்று: தூசி ஊதும் ரப்பர் பம்பு, துடைக்கும் மைக்ரோஃபைபர் துணி, உபரி லென்ஸ் மூடி. இவற்றைத் தனியாகச் சில நூறு ரூபாய்க்கு வாங்கிவிடலாம். எஃப்.எல்.டி. ஃபில்டர் என்று ஒன்று போட்டிருக்கிறார்கள். ஃபிலிம் காலத்தில் ட்யூப் லைட் வெளிச்சத்தில் எடுத்தால் முகமெல்லாம் பச்சை பாய்ந்து வரும்; அதைச் சரிக்கட்ட ஊதா கலந்த அந்தக் கண்ணாடியை மாட்டினோம். இன்று அந்த வேலையை, நிறத்தைச் சமன்செய்யும் கேமராவின் ஒயிட் பேலன்ஸ் வசதியே பார்த்துக்கொள்கிறது. லென்ஸுக்கு முன்னால் திருகும் வைடு ஆங்கிள் கண்ணாடி, படத்தின் ஓரங்களைக் குழைத்துவிடும். கையளவு டிரைபாட் செல்போனைத் தாங்கும். உங்கள் கேமராவை மாட்டினால் லென்ஸ் பக்கமாகக் கவிழும்.

உங்கள் மேம்பாலப் படம் கேட்பது ஒரு நல்ல டிரைபாட். எட்டாயிரத்தில் பாதிக்கு மேல் அதற்கே போகட்டும். கேமராவைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்கே போய் வாங்குங்கள். மூன்று கால்களையும் முழுக்க நீட்டுங்கள். நடுத்தண்டை உயர்த்த வேண்டாம். கேமராவை மாட்டி, எதிரே தெருவில் தெரியும் ஒரு பெயர்ப்பலகையின் எழுத்தைத் திரையில் பத்து மடங்கு பெரிதாக்கி வைத்துக்கொண்டு, டிரைபாடின் ஒரு காலை விரலால் சுண்டுங்கள். எழுத்து நடுங்கும். ஒன்று, இரண்டு என்று எண்ணுவதற்குள் அடங்கினால் வாங்கலாம். ஐந்து எண்ணியும் ஆடிக்கொண்டிருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள். ஒரே விலையில் இருப்பவற்றில், கால்கள் ஐந்து துண்டாக மடங்குவதைவிட மூன்று துண்டாக மடங்குவது உறுதியானது. ஐந்து துண்டுக் காலில் கடைசித் துண்டு பென்சில் கனம்தான் இருக்கும். கேமராவின் அடியில் திருகும் தட்டு கழன்று தொலைந்தால் டிரைபாடே பயனற்றுப் போகும். அதில் உபரி ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

நடுத்தண்டின் அடியில் ஒரு கொக்கி இருக்கிறதா என்று பாருங்கள். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லும் ஊர் நம்முடையது. அந்த நாள்களில் கேமராப் பையைக் கொக்கியில் தொங்கவிட்டால் டிரைபாட் ஊன்றி நிற்கும். பை அந்தரத்தில் ஊசலாடக் கூடாது. அடிப்பகுதி தரையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

ரிமோட்டுக்குச் செலவு செய்ய வேண்டாம். கேமராவிலேயே இரண்டு வினாடி டைமர் இருக்கிறது. லென்ஸில் அசைவைத் தடுக்கும் வசதி இருந்தால் டிரைபாடில் வைத்ததும் அதை அணைத்துவிடுங்கள். பொழுது சாய்ந்து வானம் கருநீலமாகும் நேரத்தில் ஐ.எஸ்.ஓ. (வெளிச்ச உணர்திறன்) 100, எஃப் (லென்ஸின் துளை, அதாவது அப்பர்ச்சர்) 11, ஷட்டர் பத்து வினாடி என்று தொடங்கிப் பாருங்கள். கோடுகள் கிடைக்கும். மீதிப் பணத்தில் ஓர் உபரி பேட்டரியும், உங்கள் லென்ஸின் முன்னால் மறைப்பாக மாட்டும், அதற்கே உரிய ஹூடும் வாங்குங்கள். அதற்கு மேல் மிஞ்சுவதை அடுத்த தவறிய படம் வரும்வரை தொடாதீர்கள்.

கேள்வி: சாரல் முடிந்து இரண்டு மாதம் கழித்துக் கேமராப் பையைத் திறந்தேன். லென்ஸுக்குள் வெள்ளை நூல் போல ஏதோ படர்ந்திருக்கிறது. வெளியே துடைத்தால் போகவில்லை. எடுக்க முடியாமல் போன படம் என் மகளின் பிறந்தநாள். எல்லாப் படமும் மங்கலாக, பனி மூடியது போல வந்துவிட்டது. (ஆசிரியை, செங்கோட்டை)

பதில்: அம்மா, அது ஃபங்கஸ். பூஞ்சை. நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் மனம் 1994-க்குப் போய்விட்டது. உங்கள் ஊரிலேயே ஆனி மாதக் கல்யாணம் ஒன்று எடுத்தேன். நாள் முழுக்கச் சாரல். இரவு வீட்டுக்கு வந்ததும் கேமராவைத் துடைத்து, தோல் உறையில் போட்டு, இரும்பு பீரோவில் பத்திரமாக வைத்துப் பூட்டினேன். பத்திரம் என்று நான் நினைத்ததுதான் கெடுத்தது. மூன்று மாதம் கழித்து லென்ஸை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால், ஓரத்திலிருந்து நடுவுக்குச் சிலந்தி வலை போல இழை இழையாக ஓடியிருந்தது. கழற்றிச் சுத்தம் செய்யக் கொடுத்தேன். பூஞ்சை போனது, அது ஊறிக்கிடந்த தடம் போகவில்லை. பூஞ்சை அமிலத்தைக் கசியவிடும். அது கண்ணாடியின் மேல்பூச்சை அரித்துவிட்டால் பிறகு எவராலும் மீட்க முடியாது. ஆகவே, நீங்கள் தாமதிக்காமல் லென்ஸைப் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். அதுவரை மற்ற லென்ஸுகளோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள்.

இனி வராமல் காப்பதற்கு வருவோம். தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாக உள்ளே புகுந்து உங்கள் ஊருக்குத்தான் முதலில் ஈரத்தைக் கொண்டுவருகிறது. அந்த மாதங்களில் வீட்டுக்குள் உப்பு நீர்த்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். உப்புக்கு நடப்பது லென்ஸுக்கும் நடக்கும். நீங்கள் அடுத்து வாங்க வேண்டிய பொருள் இன்னொரு லென்ஸோ ஃபில்டரோ இல்லை. ரப்பர் விளிம்பு வைத்த, காற்றுப் புகாத ஒரு பிளாஸ்டிக் பெட்டி. மளிகைச் சாமான் போட்டு வைக்கும் பெட்டியே போதும். அதற்குள் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளை அரைக் கிலோ அளவு துணி முடிச்சாகக் கட்டி ஒரு மூலையில் வையுங்கள். லென்ஸில் படக் கூடாது. ஈரத்தை அளக்கும் சிறு மீட்டர் ஒன்று, தீப்பெட்டி அளவில் கிடைக்கிறது. அதையும் உள்ளே போடுங்கள். மீட்டர் 40 சதவீதத்துக்கும் 50 சதவீதத்துக்கும் இடையில் நின்றால் நல்லது. 60-ஐத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். 30-க்குக் கீழே போனால் ரப்பரும் உள்ளே இருக்கும் எண்ணெய்ப் பசையும் வறண்டுவிடும்.

நீல நிற சிலிக்கா ஜெல் ஈரத்தைக் குடித்ததும் வெளிறிய ரோஜா நிறமாகும். தூக்கி எறிய வேண்டியதில்லை. பழைய இரும்புச் சட்டியில் கொட்டி, அடுப்பைச் சிறுதீயில் வைத்து, கடலை வறுப்பது போலப் புரட்டிக்கொண்டே இருங்கள். ரோஜா நிறம் முதலில் சாம்பல் பூத்து, பிறகு ஒவ்வொரு மணியாக ஊதாவாகி, கடைசியில் பழைய நீலத்துக்குத் திரும்பும். ஆறியதும் பெட்டிக்குள். ஒன்றை மறந்துவிடாதீர்கள்: அந்த நீலம் கோபால்ட் குளோரைடு, நஞ்சு. அந்தச் சட்டியைச் சமையலுக்கு எடுக்கவே கூடாது. ஜன்னலைத் திறந்து வைத்து வறுங்கள். குழந்தை கைக்கு எட்டாமல் வையுங்கள். அந்தக் கவலையே வேண்டாம் என்றால் ஆரஞ்சு நிற ஜெல் வாங்குங்கள். அது ஈரம் குடித்தால் பச்சையாகும்.

மின்சாரத்தில் இயங்கி ஈரத்தை வெளியேற்றும் டிரை கேபினெட் என்ற அலமாரி வசதியானதுதான். ஒரு கேமரா, இரண்டு லென்ஸ் உள்ள வீட்டுக்குப் பெட்டியே போதும். பையை வெளியே கொண்டுபோகும் பையாக மட்டும் வையுங்கள். கேமராவை அதிலேயே குடிவைக்காதீர்கள். சாரலில் எடுத்துவிட்டு வந்தால் உடனே பெட்டியில் போடாமல், துடைத்து, மின்விசிறிக்குக் கீழே ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். மாதம் இரண்டு முறையாவது கேமராவை எடுத்து நாலு படம் எடுங்கள். மகளின் அடுத்த பிறந்தநாள் பளிச்சென்று வரட்டும்.

கேள்வி: மணிமுத்தாறு அருவியில் நண்பகலில் எடுத்தேன். தண்ணீர் பட்டு போல வழிய வேண்டும் என்று ஷட்டர் வேகத்தைக் குறைத்தால் படம் முழுக்க வெளுத்துவிட்டது. என்.டி. ஃபில்டர் வாங்கச் சொல்கிறார்கள். 8, 64, 1000 என்று எண்கள் இருக்கின்றனவே, எது? (வங்கி ஊழியர், அம்பாசமுத்திரம்)

பதில்: என்.டி. என்பது கண்ணாடிக்குக் கறுப்புக் கண்ணாடி போடுவது. அந்த எண், வெளிச்சத்தை எத்தனையில் ஒரு பங்காகக் குறைக்கும் என்பதைச் சொல்கிறது. உச்சி வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 16 வைத்தால் ஷட்டர் ஏறத்தாழ 1/100 வினாடிக்கு வரும். என்.டி. 8 போட்டால் 1/12 வினாடி. தண்ணீர் இன்னும் துண்டு துண்டாகத்தான் தெரியும். என்.டி. 64 போட்டால் அரை வினாடியைத் தாண்டும். இழை இழையாக வழியும். என்.டி. 1000 போட்டால் பத்து வினாடி. அருவி பால் கொட்டியது போலப் புகைந்துவிடும். எனக்குத் தண்ணீரின் நரம்பு தெரிய வேண்டும். ஆகவே 64 என்றே சொல்வேன்.

ஆனால் அதற்கு முன்னால் நீங்கள் வாங்க வேண்டியது போலரைசர் என்ற ஃபில்டர். அருவிப் படத்தைப் பெரும்பாலும் கெடுப்பது ஈரப்பாறையிலும் இலையிலும் அடிக்கும் வெள்ளை மினுக்கம். போலரைசரைத் திருகத் திருக அந்த மினுக்கம் வடிந்து, பாறை கறுப்பாகவும் இலை பச்சையாகவும் திரும்பி வரும். குறுக்குத்துறைப் படித்துறையில் உட்கார்ந்து ஒரு முறை செய்து பாருங்கள். ஆற்று நீரில் முதலில் வானம்தான் தெரியும். வளையத்தைக் கால்வட்டம் திருப்பினால் வானம் விலகி, அடியில் கிடக்கும் கூழாங்கல்லும் அதன்மேல் ஊரும் மீன்குஞ்சும் தெரியும். கணினியில் எத்தனை திருத்தினாலும் இந்தக் கூழாங்கல்லைக் கொண்டுவர முடியாது. அந்த ஒளி படத்துக்குள் வரவே இல்லையே. போலரைசரே வெளிச்சத்தை மூன்றில், நான்கில் ஒரு பங்காகக் குறைத்துவிடும். வெயில் ஏறும் முன் போனால் அது ஒன்றிலேயே கால் வினாடி கிடைக்கும், என்.டி. தேவைப்படாமலும் போகலாம்.

கடையில் அது உண்மையான போலரைசர்தானா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. மேஜையில் இருக்கும் கால்குலேட்டரின் திரையை, ஃபில்டரின் திருகு மரை உங்கள் கண் பக்கம் இருக்கும்படி பிடித்துப் பாருங்கள். சுழற்றும்போது ஓரிடத்தில் திரை முழுக்க இருண்டுவிட வேண்டும். இருளாவிட்டால் அது வெறும் சாயக் கண்ணாடி.

அளவு லென்ஸின் முன் வளையத்தில், குறுக்குக்கோடு போட்ட வட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும்: 58, 67, 77 என்று. உங்களிடம் இரண்டு லென்ஸ் இருந்தால் பெரியதற்கு ஒரு நல்ல ஃபில்டர் வாங்கி, அதைச் சின்னதில் பொருத்த ஸ்டெப்-அப் ரிங் என்ற வளையம் போட்டுக்கொள்ளுங்கள். ஃபில்டர் இறுகிக் கழலாவிட்டால் அதன் விளிம்பில் ரப்பர் பேண்டைச் சுற்றித் திருகுங்கள், வந்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மணிமுத்தாறிலோ அகத்தியர் அருவியிலோ குற்றாலத்திலோ, பெண்கள் குளிக்கும் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள். அவர்கள் நிம்மதியாக நனைய வந்தவர்கள். காலையில் கூட்டம் சேர்வதற்கு முன் போய் எடுங்கள். வெளிச்சமும் அப்போதுதான் நன்றாக இருக்கும்.

கேள்வி: யு.வி. ஃபில்டர் கட்டாயம் வேண்டுமா? (பாத்திரக்கடை உரிமையாளர், தென்காசி)

பதில்: வேண்டாம். டிஜிட்டல் கேமராவில் படத்தைப் பதியும் சென்சாருக்கு முன்னாலேயே புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அடுக்கு இருக்கிறது. லென்ஸைக் காக்க என்றால் ஹூட் போடுங்கள்; இடித்தால் அடியைத் தாங்கும், பக்கவாட்டு வெளிச்சத்தையும் தடுக்கும். உவரிக் கடற்கரையில் உப்புத் தூவானம் வீசும்போதும், தேரிக்காட்டுச் செம்மண் பறக்கும்போதும் மட்டும் நான் மாட்டுவேன். விளக்கலங்காரத்தை இரவில் எடுக்கும்போது கழற்றிவிடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு பேய்நிழல் படத்தில் விழும்.

கேள்வி: கூந்தன்குளத்தில் 55-250 லென்ஸால் எடுத்த நாரைகள் எல்லாம் லேசாகக் கலங்கியிருக்கின்றன. தூரமும் போதவில்லை. இரண்டு மடங்கு டெலி கன்வெர்ட்டர் வாங்கட்டுமா? (மருந்துக்கடை ஊழியர், நாங்குநேரி)

பதில்: வாங்காதீர்கள், தம்பி. லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையில் மாட்டும் இந்த இரண்டு மடங்கு கன்வெர்ட்டர் வெளிச்சத்தில் நான்கில் மூன்று பங்கை விழுங்கிவிடும். எஃப் 5.6 லென்ஸ் எஃப் 11 ஆகிவிடும். அந்த இருட்டில் பல கேமராக்களில் ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்யாது. கேமரா நிறுவனங்கள் விற்கும் கன்வெர்ட்டர்கள் உங்கள் வகை லென்ஸில் மாட்டவே மாட்டா.

கலக்கத்துக்குக் காரணம் கை நடுக்கம். 250 மி.மீ.யில் கையால் பிடித்தால் ஷட்டர் குறைந்தது 1/400 வேண்டும். பறக்கும் பறவைக்கு 1/1000-க்கு மேல். உங்களுக்கு நான் சொல்லும் துணைப்பொருளைத் தையல்காரரிடம்தான் வாங்க வேண்டும். பழைய ஜீன்ஸ் பேன்ட்டின் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே வெட்டி, ஒரு முனையை இரட்டைத் தையல் போட்டு மூடி, மறு முனையில் ஜிப் வைக்கச் சொல்லுங்கள். பஸ்ஸில் போகும்போது வெறும் பையை மடித்து எடுத்துக்கொள்ளலாம். இறங்கிய ஊரில் இரண்டு கிலோ காணம் (கொள்ளு) வாங்கி அதில் கொட்டுங்கள். முழுக்க நிரப்பாமல் முக்கால் பங்கு நிரப்பினால்தான் லென்ஸ் அதில் அமுங்கி உட்காரும். கைப்பிடிச் சுவரிலோ கார் ஜன்னலிலோ வைத்து, இடது கையை லென்ஸின் மேல் மெல்ல அழுத்திக்கொண்டு எடுங்கள். நான் வைத்திருக்கும் விலையுயர்ந்த டிரைபாடைவிட இந்தப் பையால் எனக்குக் கிடைத்த பறவைப் படங்களே அதிகம். திரும்பி வந்ததும் காணத்தை டப்பாவில் கொட்டிவிடுங்கள். பையிலேயே விட்டால் வண்டு விழும்.

தூரத்தைப் பற்றி: கூந்தன்குளத்தில் குளத்தைவிட ஊருக்குள் நில்லுங்கள். மஞ்சள் மூக்கு நாரைகள் வீட்டு மரங்களிலேயே கூடு கட்டுகின்றன, 250 மி.மீ. அங்கே தாராளம். அந்த ஊர் மக்கள் பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. நாமும் கூட்டுக்கு அடியில் போய்க் கை தட்டிப் பறக்கவிட்டுப் படம் எடுக்கும் வேலையைச் செய்யக் கூடாது. குஞ்சு வெயிலில் கிடக்கும் ஒவ்வொரு நிமிடமும் அதன் உயிருக்கு ஆபத்து.

கேள்வி: திருப்புடைமருதூர்க் கோயில் கோபுரத்துக்குள் இருக்கும் ஓவியங்களை எடுக்க எந்த எல்.இ.டி. விளக்கு நல்லது? இருட்டில் எதுவுமே பதியவில்லை. (ஓவிய ஆசிரியர், வீரவநல்லூர்)

பதில்: விளக்கு வேண்டாம் ஐயா. முதலில் கோயில் அலுவலகத்தில் அனுமதி கேளுங்கள். கிடைத்தால், ஃபிளாஷும் இல்லாமல், எஃப் 1.8 வரை திறக்கும் 35 மி.மீ. லென்ஸ் ஒன்றோடு ஏறுங்கள். கேமராவோடு வந்த 18-55 லென்ஸை 35 மி.மீ.யில் வைத்தால் வருவதைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு வெளிச்சத்தை அது உள்ளே விடும். பக்கத்து நகரங்களில் நாள் வாடகைக்கும் கிடைக்கிறது. சுவரிலோ மரச்சிற்பத்திலோ சாயாதீர்கள். முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, பாதி மூச்சை வெளியே விட்டு நிறுத்தி, ஷட்டரை அமுக்குங்கள். இறங்கியதும் வெளியே மருத மரங்களைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள். 2005-இல் நாட்டிலேயே முதல் பாதுகாப்புக் காப்பகமாக, அங்கே தங்கும் பறவைகளின் இருப்பிடத்தைத்தான் அறிவித்தார்கள்.

கேள்வி: கல்யாணம் எடுக்கத் தொடங்கியிருக்கிறேன். பந்தலில் ஃபிளாஷை மேலே பார்த்து அடித்தால் மணப்பெண் முகம் ரோஜா நிறமாகிறது. ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் பாதிப் படம் கறுப்பாக வருகிறது. ஃபிளாஷ் பழுதா? (இளைஞர், வள்ளியூர்)

பதில்: ஃபிளாஷில் குறை எதுவும் இல்லை. பந்தலுக்கு மேலே ரோஜா நிறத் துணி கட்டியிருப்பார்கள். வெளிச்சம் அதில் பட்டு அந்த நிறத்தையே பூசிக்கொண்டு கீழே வருகிறது. ஸ்டேஷனரி கடையில் ஒரு வெள்ளைத் தெர்மோகோல் அட்டை வாங்கிப் பாதியாக வெட்டுங்கள். உடன் வரும் பையன் அதை உங்கள் இடது தோளுக்குப் பின்னால், தலைக்குச் சற்று மேலே பிடிக்கட்டும். ஃபிளாஷின் தலையைப் பின்னால் திருப்பி அதில் அடியுங்கள். ஜன்னல் வெளிச்சம் போல முகத்தில் இதமாக விழும். வெளிச்சத்தை மென்மையாக்க என்று கடையில் விற்கும் மூடி வகை டிஃப்யூசர்கள் திறந்த பந்தலில் பேட்டரியைத் தின்பதோடு சரி.

பாதி கறுப்பாவது ஷட்டரின் திரை. கேமராவைப் பொறுத்து 1/160 முதல் 1/250 வரைதான் ஃபிளாஷோடு ஒத்துப்போகும். 1/160-இல் வைத்துவிட்டுக் கவலையை விடுங்கள்.

வாங்க வேண்டியது: ரீசார்ஜ் செய்யும் டபுள் ஏ பேட்டரி எட்டு. நான்கு நான்காகப் பிரித்து, மார்க்கர் பேனாவால் ஒரு செட்டுக்கு ‘அ’, இன்னொன்றுக்கு ‘ஆ’ என்று எழுதுங்கள். கலந்து போடக் கூடாது. மாப்பிள்ளை மணமேடைக்கு வந்து உட்கார்ந்ததும் புது செட்டை மாற்றிவிடுங்கள், பழையதில் பாதி மிச்சம் இருந்தாலும் சரி. கெட்டிமேளம் கேட்டபின் ஃபிளாஷ் தயாராகக் காத்திருக்க முடியாது. அந்தப் படத்தை அவர்கள் மறுபடி எடுக்கச் சொல்ல முடியாது, தம்பி.

கேள்வி: எங்கள் ஊர்ச் சுடலைமாடசாமி கொடைப் படங்கள் இருந்த கார்டு தவறுதலாக ஃபார்மேட் ஆகிவிட்டது. (களக்காடு)

பதில்: கார்டை உடனே வெளியே எடுங்கள். அதில் இனி ஒரு படம்கூட எடுக்காதீர்கள். ஃபார்மேட் செய்ததில் போனது பெரும்பாலும் அட்டவணை மட்டும். படங்கள் உள்ளே இருக்கும். மேலே புதிதாக எழுதினால்தான் அழியும். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளால் கணினியில் மீட்டுப் பாருங்கள். மீட்ட படங்களை வேறு இடத்தில் சேமியுங்கள். இனி பெரிய கார்டு ஒன்றுக்குப் பதில் 64 ஜி.பி. இரண்டு வைத்துக்கொண்டு, நள்ளிரவில் சாமக்கொடை தொடங்கும் முன் மாற்றிவிடுங்கள். நிரம்பிய கார்டை பட்டன் வைத்த சட்டைப்பையில் போடுங்கள். கார்டின் மேல் பெரிதாக அச்சிட்ட வேகம் படிக்கும் வேகம். வீடியோவுக்கு வேண்டியது எழுதும் வேகம். வி30 என்று போட்டிருந்தால் வினாடிக்கு 30 எம்.பி.க்குக் குறையாமல் எழுதும்.

கேள்வி: அப்பா காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. அவருடைய பென்டாக்ஸ் கே1000 கேமராவும் 50 மி.மீ. லென்ஸும் தோல் உறையோடு அலமாரியில் இருக்கின்றன. என்னிடம் சோனி மிரர்லெஸ் கேமரா இருக்கிறது. அப்பாவின் லென்ஸை அதில் மாட்ட முடியுமா? அவர் என்னை எடுத்தது போல, அதே லென்ஸில் என் மகனை எடுக்க வேண்டும். அதுதான் என்னால் எடுக்க முடியாமல் இருக்கும் படம். (மகாராஜநகர்)

பதில்: முடியும், மகளே. பென்டாக்ஸில் லென்ஸ் உட்காரும் இடத்திலிருந்து ஃபிலிம் வரை 45.46 மி.மீ. உங்கள் சோனியில் சென்சார் வரை 18 மி.மீ. இடையில் இருக்கும் இருபத்தேழரை மி.மீ.யை ஒரு உலோக வளையம் நிரப்பினால் போதும். அதில் கண்ணாடியோ மின்சுற்றோ கிடையாது. ஆகவே விலையும் குறைவு. பென்டாக்ஸ் கே லென்ஸிலிருந்து சோனி இ கேமராவுக்கு என்று சொல்லிக் கேளுங்கள். மெனுவில் ‘லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்கலாம்’ என்ற வசதியைத் திறந்துவிடுங்கள். ஃபோகஸையும் அப்பர்ச்சரையும் அப்பா செய்தது போலவே கையால் திருப்ப வேண்டும். கூர்மையான இடத்தை வண்ணக்கோடாகக் காட்டும் ஃபோகஸ் பீக்கிங்கைப் போட்டுக்கொள்ளுங்கள். சென்சார் சிறியதாக இருந்தால் 50 மி.மீ. லென்ஸ் 75 மி.மீ. போலத் தெரியும், குழந்தையின் முகத்துக்கு அது அருமையான தூரம். மாட்டும் முன் லென்ஸை வெளிச்சத்தில் பிடித்து, செங்கோட்டை ஆசிரியைக்கு நான் எழுதியதை ஒரு முறை படித்துப் பாருங்கள். தோல் உறையை நினைவுக்காகத் தனியே வையுங்கள். அது ஈரத்தைப் பிடித்து வைக்கும்; லென்ஸ் இனி அதற்குள் போக வேண்டாம்.

கேமராவின் பின்மூடியை இதுவரை திறந்திருக்கிறீர்களா? திறக்கவில்லை என்றால் திறக்காதீர்கள். மேலே இடது பக்கம் ஒரு சிறு கைப்பிடி மடங்கிக் கிடக்கும். அதை நிமிர்த்தி, அம்புக்குறி காட்டும் பக்கம் மெல்லச் சுற்றுங்கள். தடையில்லாமல் சுற்றினால் உள்ளே ஒன்றும் இல்லை. சற்றுச் சுற்றியதும் இறுகி நின்றால் அப்பா போட்ட ஃபிலிம் உள்ளே இருக்கிறது. அப்படி இருந்தால் கேமராவின் அடியில் இருக்கும் சிறு பொத்தானை அமுக்கிக்கொண்டு, கைப்பிடியைத் தொடர்ந்து அதே பக்கம் சுற்றுங்கள். கடைசியில் ஒரு சின்ன இழுப்பு, பிறகு கை லேசாகிவிடும். அதற்குப் பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும். ஃபிலிம் கழுவும் லேப்கள் சென்னையில் இன்னும் இருக்கின்றன. பழைய ரோல் என்று சொல்லிக் கொடுங்கள், நிறம் மங்கியிருந்தாலும் உருவம் கிடைக்க வாய்ப்பிருக்கிறது. அனுப்பத் தயக்கமாக இருந்தால் கேமராவை அப்படியே என் ஸ்டூடியோவுக்குக் கொண்டு வாருங்கள், உங்கள் எதிரிலேயே சுற்றித் தருகிறேன். என்ன வந்தது என்று எனக்கு இரண்டு வரி எழுதுங்கள்.